தூதுவருடன் மதியச் சாப்பாடு

ஜெர்மனியில், ஹம் நகரத்து முதியோர் இல்லத்தில் நான் பராமரித்தவர்களில் ஒருவர் பிரபு குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் இராணுவ அதிகாரி, பிறகு நாடாளுமன்ற உறுப்பினர், கடைசியில் ஏதோவொரு வெயில் நாட்டில் ஜெர்மனியின் தூதுவர். அத்தனையும் மறந்துபோன பிறகும் டை கட்டாமல் சாப்பாட்டு மேசைக்கு வரமாட்டார். இந்தப் பெரிய மனிதத்தனம் எனக்கு முதலில் எரிச்சலைத்தான் தந்தது.

ஆனால் மனிதர் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார். சூப்பை வைத்தால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, முதுகு வளையாமல் என்னைப் பார்த்துப் புன்னகைப்பார். நான் பக்கத்தில் நின்று, "சாப்பிடுங்கோ ஐயா, ஆறப்போகுது" என்று தமிழிலேயே கெஞ்சுவேன். ஊட்டப் போனால் வாயை இறுக்கிக்கொள்வார். சட்டைக் கழுத்துக்குள் அவர் கழுத்து மெலிந்துகொண்டே போனது. வயிற்றில் குழாய் வைக்கலாமா என்று டாக்டர் கேட்கத் தொடங்கியபோது எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

பெர்லினிலிருந்து அவருடைய ஒரே மகள் வந்தாள். தகப்பன் அவளை யாரென்றே அறியவில்லை. மேசையருகே கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தவள், "அப்பா தன்னை விருந்தாளி என்று நினைக்கிறார். நீங்கள் அவர் தூதுவராக இருந்த நாட்டு வீட்டுக்காரி. நீங்கள் தொடங்காமல் அவர் கரண்டியைத் தொடமாட்டார்" என்றாள்.

என் நிறம் அவரை அங்கே கொண்டுபோயிருக்க வேண்டும். எங்கள் ஆட்களிடமோ, வந்தவர் வயிறாறச் சாப்பிட்ட பிறகுதான் வீட்டுக்காரி உட்காருவாள். இரண்டு மரியாதைகளும் சேர்ந்து ஒரு மனிதரைப் பட்டினி போட்டிருக்கின்றன! நானும் ஒரு கோப்பை சூப்போடு எதிரே உட்கார்ந்தேன். நான் ஒரு வாய் குடித்தேன். அவரும் குடித்தார். மகள் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் என் இடத்தில் தானே உட்காருவதாகச் சொன்னாள். அவள் கரண்டியை எடுக்க, அவரும் எடுத்தார். பாதிக் கோப்பை முடிந்ததும் மிகுந்த மரியாதையோடு பேசத் தொடங்கினார்.

"உங்கள் உபசாரத்துக்கு நன்றி, அம்மா. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். இப்படி அவளோடு உட்கார்ந்து சாப்பிட எனக்கு நேரமே கிடைத்ததில்லை. அடுத்த முறை அவளையும் அழைத்து வருகிறேன்."

மகளின் கை அந்தரத்தில் நின்றது. உடனே அவருடைய கையும் நின்றது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கட்டாயம் அழைத்து வாருங்கள்" என்று அவரிடம் சொன்னாள். கண்ணீரைத் துடைக்காமலே அடுத்த கரண்டி சூப்பைக் குடித்தாள். அவரும் குடித்தார்.