மோப்பக்காரர் ஒட்டிய சீட்டு

எங்கள் தெருவில் குடியிருக்கும் அந்தக் கிடங்குக்காரரை அனைவரும் மோப்பக்காரர் என்றே அழைத்தனர். அதனை அவர் பட்டமாகவே எண்ணி மகிழ்ந்தார். சலவை ஆலையில் பெரிய பீப்பாய்களிலிருந்து ப்ளீச், ஆசிட் போன்ற மருந்துகளை ஒரே மாதிரியான வெள்ளைக் கேன்களில் ஊற்றி வைப்பது அவர் வேலை. எந்தக் கேனிலும் பெயர்ச்சீட்டு ஒட்டமாட்டார். நிர்வாகம் அச்சிட்டுக் கொடுத்த சீட்டுகள் அலமாரியில் தூசு படிந்து கிடந்தன.

"சீட்டெல்லாம் மூக்கடைச்சவனுக்குப்பா. மோந்து பாத்தா தெரியாதா?"

உண்மைக் காரணம் வேறு. சீட்டு இருந்தால் அவரை யார் கேட்பார்கள்? கிடங்கு வாசலில் நான்கு பேர் கைகட்டி நிற்பதைக் காண்பதில் அவருக்கு அற்ப இன்பம்.

ஒருநாள் அவருக்குக் கடுமையான சளி. அதே ஆலையில் துணி வெளுக்கும் அவருடைய மனைவியின் தம்பி வந்தான்.

"அத்தான், ப்ளீச் பத்தல."

"இந்தா, தூக்கிட்டுப் போ."

"மூக்கு இப்படி ஒழுகுதே, சரியாத்தான் பாத்தீங்களா?"

"எனக்கே பாடம் எடுக்கிறியா? போடா."

கொடுத்தது ஆசிட். ப்ளீச் இருந்த தொட்டியில் அவன் அதனை ஊற்றியதும் மஞ்சள் புகை எழுந்தது. மூச்சுத் திணறி விழுந்தவனை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றனர். அங்கிருந்து மருத்துவர் கிடங்குக்குத் தொலைபேசியில் கேட்டார்: கேனில் இருந்தது என்ன?

மைத்துனனின் உயிர் அந்த விடைக்காகக் காத்திருந்தது. அவ்வேளையில் இந்த மேதை என்ன செய்துகொண்டிருந்தார்? வேலை போய்விடுமே என்று, கேன் கேனாகச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்! அந்தக் கேனிலும் கைக்கு அகப்பட்ட ஒன்றை ஒட்டி, அதனையே படித்துக் காட்டினார்.

"சோப்புத் தண்ணின்னு போட்டிருக்குங்க, டாக்டர்."

மைத்துனனுக்குப் பக்கத்துத் தொட்டியில் வேலை செய்த பெண் ஓடிவந்து தொலைபேசியைப் பிடுங்கினாள்.

"பொய் சார்! பசைகூட இன்னும் காயல. ஆசிட்டும் ப்ளீச்சும் கலந்துடுச்சு, மஞ்சப் புகைய நானே பாத்தேன்!"

அவன் பிழைத்தான், ஆனால் மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறான். மோப்பக்காரரை ஆலை விலக்கியது. அவர் மனைவி பெட்டியைக் கட்டினாள்.

"தம்பி மூச்சுக்குத் தவிக்கும்போது பசை தடவிட்டு இருந்தீங்களே, நீங்கல்லாம் ஒரு மனுஷனா?"

தம்பியோடு தரைத்தள வீடொன்றுக்குப் போய்விட்டாள். இவரோ தெருவில் போவோர் வருவோரை நிறுத்தி, "சின்ன வயசிலேருந்தே அவனுக்கு நெஞ்சு பலவீனம்" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.