ரோட்டில் மட்டும் நின்ற வேன்

எழுபதுகளின் தொடக்கத்தில் நானும் என் கூட்டாளி ஏசுதாசும் ஒரு பழைய பெட்ரோல் வேன் வாங்கினோம். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி மார்க்கெட்டுக்கு மீன் கூடைகளையும் கூடைக்காரப் பெண்களையும் ஏற்றிப் போவது எங்கள் தொழில்.

அந்த வேனுக்குப் புரியாத நோய் ஒன்று இருந்தது. நாலைந்து மைல் ஓடியதும் திணறி நின்றுவிடும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் தானாகக் கிளம்பும். கவரைப்பேட்டை மெக்கானிக் பாயின் ஷெட்டுக்குக் கொண்டுபோனாலோ ஒழுங்காக ஓடும். அவர் பிளக் மாற்றினார், பாயிண்ட் தேய்த்தார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்.

"வண்டில ஒண்ணுமே இல்லப்பா. நீ ஓட்றதுலதான் இன்னாவோ கீது" என்றார்.

ஏசுதாஸ் ஓட்டினாலும் நின்றது. கூடைக்காரர்கள் ஒவ்வொருவராக பஸ்ஸுக்கு மாறினார்கள். எனக்கு வண்டியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் சந்தேகமாகிவிட்டது.

ஒரு நாள் காலை கூடைக்காரி கன்னியம்மா ஓடி வந்தாள். அவள் மருமகளுக்கு வலி கண்டுவிட்டது. பஸ் போய்விட்டது; பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போக வேறு வண்டி இல்லை. பயந்துகொண்டே ஏற்றினோம். திருப்பாலைவனம் தாண்டியதும் வேன் நின்றது.

"இன்னா நைனா, எம் மருமவ நடுரோட்லயே பெத்துக்கணுமா?" என்று கன்னியம்மா கத்தினாள். உள்ளே அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள்.

என்ன செய்வதென்று தெரியாமல், பெட்ரோலாவது இருக்கிறதா பார்ப்போம் என்று டேங்க் மூடியைத் திறந்தேன். 'உஸ்' என்று காற்று உள்ளே போனது. பாதி டேங்க் இருந்தது. மூடிவிட்டு ஸ்டார்ட் செய்தேன். உடனே பிடித்துக்கொண்டது! சில மைல் போனதும் மறுபடி நின்றது. மறுபடி திறந்தேன். அதே 'உஸ்'. மறுபடி ஓடியது.

"இன்னாடா இது, மூடியத் தொறந்தாதான் ஓடுது?" என்று ஏசுதாஸ் விழித்தான்.

"அப்ப அத்த ஏன் மூடிக்கினே கீற? தொறந்தே போடு!" என்றாள் கன்னியம்மா.

மூடியை எடுத்துவிட்டு, டேங்க் வாயில் துணியை லேசாகச் செருகி ஓட்டினேன். ஏன் ஓடுகிறது என்று புரியாமலேதான் ஆஸ்பத்திரி வரை ஓட்டினேன். உள்ளே கொண்டுபோன சற்று நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது.

மறுநாள் மூடியைப் பாயிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இந்த வண்டி மூடியே இல்ல. காத்து போற ஓட்டையே காணோம் பாரு."

வேனை விற்றவர் கைக்குக் கிடைத்த ஏதோ ஒரு மூடியைப் போட்டிருக்கிறார். பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று வர வழியில்லை. அதனால் எஞ்சினுக்குப் பெட்ரோல் வராமல் வண்டி நின்றுவிடும். சும்மா விட்டால் இடுக்கு வழியே காற்று மெல்ல நுழைந்து சரியாகும். பாயோ, வண்டி ஷெட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மூடியைத் திறந்து பெட்ரோல் பார்ப்பவர். அவரிடம் நோய் எப்படித் தெரியும்?

பழைய வண்டி வைத்திருக்கும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். நின்ற வண்டி மறுபடி கிளம்பினால், சந்தோஷத்தில் அப்படியே ஓட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். கிளம்புமுன் உங்கள் கை கடைசியாக எதைத் தொட்டது என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.