தங்கச்சி மகளிடம் இருந்த என் சிப்பாய்கள்

போன ஹஜ்ஜுப் பெருநாளன்று பின்னேரம், மருதமுனையில் என் தங்கச்சி வீட்டில் தொடங்கியது இது. தங்கச்சி வீடு என்று இப்போது சொல்கிறேன். நான் பிறந்து வளர்ந்த வீடும் அதுதான். எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான் போகும். கலியாணம் முடித்தால் ஆண் பிள்ளை ஒரு சூட்கேசோடு மனைவி வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். நானும் அப்படித்தான் சாய்ந்தமருதுக்குப் போனேன். போன இடத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் நான் வளர்ந்த வீட்டின் கேற்றைத் தங்கச்சியின் கணவர் திறந்து, "வாங்க மச்சான், வாங்க" என்று என்னை விருந்தாளி மாதிரி உள்ளே கூப்பிடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் ஏதோ குத்தும். நல்ல மனிதர் அவர். அதுதான் பிரச்சினையே. குறை சொல்ல ஒரு வழியும் வைக்கமாட்டார்.

அன்று வட்டிலப்பம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். உள் அறைத் தரையில் தங்கச்சியின் ஏழு வயது மகள் குப்புறப் படுத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் பச்சைப் பிளாஸ்டிக் சிப்பாய்கள் வரிசையாக நின்றார்கள். துவக்கை நீட்டிக்கொண்டு நிற்பவன், முழங்காலில் இருப்பவன், தரையோடு படுத்திருப்பவன். படுத்திருப்பவனின் துவக்கு நுனி நசுங்கியிருந்தது. என் பல் பட்ட இடம் அது.

வாப்பா சவுதியில் லொறி ஓட்டினார். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். எனக்கு எட்டு வயதிருக்கும்போது வந்த லீவில், பெட்டிக்குள் துவாய்களுக்கு நடுவில் இந்தச் சிப்பாய்களைச் சுற்றி வைத்துக் கொண்டுவந்தார். அது யுத்த காலம். சந்தியில் நிஜச் சிப்பாய்கள் நின்றார்கள். அதனால் இதைத் தெருப்பக்கம் கொண்டுபோகக் கூடாது என்று உம்மா சொல்லியிருந்தா. கட்டிலுக்கு அடியில்தான் என் யுத்தமெல்லாம். பெரியவனான பிறகு அவை எங்கே போயின என்றே தெரியவில்லை. உம்மா யாருக்காவது கொடுத்திருப்பா என்று விட்டுவிட்டேன்.

நான் அறை வாசலில் அசையாமல் நிற்பதைக் கண்டு தங்கச்சியின் கணவர், என் மச்சான், பின்னால் வந்தார்.

"ஓடு மாத்தக்குள்ள பரண்ல ஒரு பிஸ்கட் டின் கெடந்திச்சி மச்சான். துறந்து பாத்தா இதுகள். கழுவி இவளுக்குக் குடுத்திட்டன். நல்லாரிக்கா?"

"அது என்ட" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிரிக்கலாமே."

மச்சானின் முகம் சுருங்கியது. "தெரியாமப் போச்சே. கொண்டு போங்க மச்சான், உங்கட மகன் வெளாடட்டும்."

அதைக் கேட்டதும் பிள்ளை, படுத்திருந்த சிப்பாயை மட்டும் எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. "வேணாம், வேணாம், இரிக்கட்டும்" என்று சிரித்துவிட்டு வந்தேன். அந்தச் சிரிப்பு என் மனைவியிடம் எடுபடவில்லை. திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்தபடி, "சின்னப் புள்ளையோட போட்டியா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

அவளுக்கு எப்படிச் சொல்வது? எனக்குக் கோபம் பிள்ளை மேல் இல்லை, மச்சான் மேல். கல்முனையில் நான் பிரிஜ் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். அந்தக் கிழமை முழுக்க வேலையில் மனம் நிற்கவில்லை. நான் வளர்ந்த வீடு அவருக்கு. நான் கன்று வைத்த மாமரத்தின் பழம் அவருக்கு. உம்மா மௌத்தான பிறகு வாப்பாவும் அங்கேதான். பள்ளிக்குத் தொழப் போக வாப்பா ஏறுவது அவருடைய மோட்டார் சைக்கிளில். இப்போது என் சிப்பாய்களும் அங்கே. இப்படி ஒவ்வொன்றாக நினைத்து நினைத்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். மச்சான் புடவைக் கடைக்கு வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் போய், மகன் கேட்கிறான் என்று சொல்லி எடுத்து வந்துவிடுவது. மகன் கேட்கவே இல்லை. அவனுக்குப் போன் இருந்தால் போதும்.

நான் போனபோது முன்கதவு திறந்து கிடந்தது. தங்கச்சி குசினியில் சமைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே வாப்பாவின் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன்.

வாப்பா பாயில் சுவரோடு சாய்ந்து, வலிக்கிற முழங்காலை நீட்டிக்கொண்டு இருந்தார். எதிரே பிள்ளை. இருவருக்கும் நடுவில் சிப்பாய்கள். வாப்பா வாயால் 'டுமீல், டுமீல்' என்று சுட்டார். ஒரு சிப்பாயை மெல்லச் சாய்த்து, அவனுக்காகத் தானே "யா அல்லாஹ்!" என்று முனகினார். பிள்ளை உருண்டு உருண்டு சிரித்தாள்.

அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். அதுவரை மச்சான் மேல் இருந்த பொறாமை அப்படியே அந்தப் பிள்ளை மேல் திரும்பியது. லீவில் வந்தால் வாப்பாவைச் சுற்றி எப்போதும் ஆட்கள். வாப்பா தூங்கி எழும்பும்போது கண்ணில் படட்டும் என்று அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் சிப்பாய்களை அடுக்கி வைப்பேன். யாராவது சவுதிச் செய்தி கேட்க வந்து காலால் தட்டிவிடுவார்கள். அதற்குள் லீவும் முடிந்துவிடும். என்னோடு ஒரு நாள்கூடத் தரையில் இருந்திராத மனிதர் இவளோடு வாயால் வெடி வைக்கிறார்!

வாப்பா என்னைக் கண்டார். "வா மகன், இஞ்ச வந்து இரி."

மகன் கேட்கிறான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "என்னோட ஒரு நாளும் வெளாடல்லியே வாப்பா."

நாற்பது வயது தாண்டியவன் சொல்லும் பேச்சா இது? சொன்ன பிறகுதான் உறைத்தது. வாப்பா கையில் இருந்த சிப்பாயைக் கீழே வைத்தார்.

"ஓம் மகன். வெளாடல்லதான்." நீட்டியிருந்த முழங்காலைத் தடவிக்கொண்டார். "ஆனா கடையில நிண்டு இத எடுக்கக்குள்ள, நீ இத வெச்சி எப்படி வெளாடுவாய் எண்டு யோசிச்சி யோசிச்சிதான் எடுத்த. மறுகா லொறிய ஓட்டக்குள்ளயும் அதுதான் யோசின. பாக்கத்தான் கெடைக்கல்ல. இப்ப நீ காட்டன், பாப்பம்."

சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பாயில் இருந்தேன். கை தானாகவே அடுக்கத் தொடங்கியது. படுத்திருப்பவன் முன்னால், முழங்காலில் இருப்பவர்கள் இரண்டு பக்கமும், நிற்பவர்கள் பின்னால். கையை உயர்த்தி நிற்பவனை மட்டும் தனியாக எடுத்துக் கதவு நிலையோரம் வைத்தேன்.

"அவன் என்னத்துக்கு அவ்வளவு தூரத்தில?" என்று வாப்பா கேட்டார்.

"அவரு சண்டைக்கு வாறல்ல. எல்லாம் முடிஞ்ச பொறகு வந்து, விழுந்த ஆக்கள எழுப்பி ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போவாரு." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னேன். "அது நீங்க, வாப்பா."

வாப்பா கண்ணாடியைக் கழற்றிச் சாரன் நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிள்ளைக்குப் பொறுமை இல்லை. எழும்பிப் போய்க் கதவு நிலையில் இருந்தவனை எடுத்து வந்தாள். "மூத்தாப்பா என்னத்துக்கு மாமா தூரத்தில? அவரு இஞ்சதானே இரிக்காரு" என்று சொல்லித் தன் மடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். மறுபடியும் எனக்குள் குத்தியது. அவள் சொன்னது சரிதானே. அவளுடைய விளையாட்டில் அவரைத் தூரத்தில் வைக்க வேண்டிய தேவையே இல்லை.

அஸர் பாங்கு சொல்லும்வரை விளையாடினோம். சிப்பாய்களை அங்கேயே விட்டுவிட்டு, வாப்பாவை என் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். இப்போதும் கடையைக் கொஞ்சம் வெள்ளனப் பூட்டிவிட்டு அடிக்கடி அங்கே போகிறேன். பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். பிள்ளை வாப்பாவின் தோளில் ஏறித் தொங்கும்போது இன்னும் எனக்குள் எரியத்தான் செய்கிறது. ஆனால் எனக்குக் கிடைக்காத வாப்பாவைப் பக்கத்தில் இருந்து பார்க்கவாவது கிடைத்ததே என்று நினைக்கும்போது, எரிகிற மனதோடேயே அந்தப் பாயில் இன்னும் கொஞ்சம் தள்ளி உட்காரத் தோன்றுகிறது, அவர்களுக்குப் பக்கமாக.