பிரிஜட் போட்ட பச்சைக் கோர்ட்

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் கார்ப்பெட்டும் லினோலியத் தரைவிரிப்பும் விற்ற பிரிஜட்டுக்கு, தன்னால் முடியாது என்று சொல்லவே வராது. கணவர் ஜார்ஜ் இறந்ததும் கடையை மூடிவிடுவாள் என்று தேக்கா வட்டாரத்தில் பாதிப் பேர் எதிர்பார்த்தார்கள். எதிர்பார்த்தவர்கள் வீட்டுக்கெல்லாம் அவளே போய் லினோலியம் விரித்துவிட்டு வந்தாள். ஆனால் எண்பதுகளில் கிளமெண்டி, தெம்பனிஸ் என்று புது வீடுகளுக்குப் போனவர்கள் தரைக்கு ஓடு பதித்துக்கொண்டார்கள். லினோலியச் சுருள்கள் கடையில் தூசி பிடித்து நின்றன. புதிதாக ஏதாவது செய்யாவிட்டால் கடை நிற்காது என்பது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் ரங்கூன் ரோட்டு சுப்பிரமணியம் வந்தார். மகள் லீலா பள்ளிக்கூட ஹாக்கி அணியில் ஆடுகிறாள். ஹாக்கி செயற்கைப் புல்லுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். பிள்ளை பழகுவதற்கு வீட்டின் பின்கட்டில் சின்னதாக ஒரு செயற்கைப் புல் கோர்ட் வேண்டும் என்றார்.

"நல்லா வந்துச்சுன்னா எங்க கிளப் கமிட்டிய கூட்டிட்டு வந்து காட்டுறேன், மிஸஸ் ஜார்ஜ். அங்கயும் ஒன்னு போடணும்னு பேச்சு இருக்கு."

"போட்டுருவோம் சார்," என்றாள் பிரிஜட். அதுவரை செயற்கைப் புல்லை அவள் படத்தில்தான் பார்த்திருந்தாள்.

கடையில் வேலை பார்த்த அஹமது கபீர் அவளைத் தனியே அழைத்தார். "அக்கா, நமக்குத் தெரியாத வேலை லா."

"தரைதானே பாய். தரைய நமக்குத் தெரியாதா?"

தெரிந்துதான் இருந்தது. பழைய சிமெண்டுத் தரையின் மேட்டைக் கொத்தி, பள்ளத்தைப் பூசி, மழைத்தண்ணீர் பின்சந்துச் சாக்கடைக்கு ஓடும்படி வாட்டம் கொடுத்தார்கள். புல்சுருள்களை விரித்து, இணைப்புக்கு அடியில் பட்டை வைத்துப் பசை தடவினார்கள். சிங்கப்பூர் ஈரத்துக்குப் பசை காய மறுத்தபோது பிரிஜட் கடையிலிருந்து இரண்டு மின்விசிறிகளைத் தூக்கி வந்து வைத்தாள். கடைசியாக, காய்ந்த மணலைத் தூவித் துடைப்பத்தால் புல்லுக்குள் தள்ளினார்கள். அந்த மணல்தான் புல்லை நிமிர்த்திப் பிடிக்கும். அதன் கனத்தில்தான் விரிப்பு அசையாமல் கிடக்கும். சுப்பிரமணியத்தை நிற்கவைத்து இதையெல்லாம் விளக்கினாள். அவரும் எல்லாம் தெரிந்தவர்போலத் தலையாட்டினார். லீலா அடித்த பந்து கோடு போட்டதுபோல் ஓடியது. பிரிஜட்டுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கமிட்டி வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் காலைப் பூசை முடிந்த கையோடு கபீரையும் அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். புல் படுத்துக் கிடந்தது. விரிப்பு நடுவில் சுருங்கி, ஒரு மூலை பொரித்த அப்பளமாய் மேலே வளைந்திருந்தது.

சுப்பிரமணியத்தின் மனைவி லட்சுமி கையில் விளக்குமாறோடு சிரித்தபடி வந்தாள். "வாங்கக்கா. கமிட்டி வருதுன்னு நல்லா சுத்தம் பண்ணி வச்சிருக்கேன். தினம் கூட்டுறேன், எங்கிருந்துதான் இவ்வளவு மண்ணு வருதோ தெரியல. மூட்டை மூட்டையா அள்ளி வச்சிருக்கேன், பூச்செடிக்கு ஆகும்னு."

சுப்பிரமணியம் தலையில் அடித்துக்கொண்டார். "ஏன்டி, உன்ன யாரு கூட்டச் சொன்னா? அது மண்ணு இல்ல, அதுதான் கோர்ட்டு."

லட்சுமியின் சிரிப்பு அப்படியே வாடிப்போனது. "எனக்கு யாரும் சொல்லலியே," என்றாள்.

"நீங்க சொல்லலியா சார்?" என்று பிரிஜட் கேட்டாள். அவர் குனிந்து வளைந்த மூலையை அழுத்திப் பார்த்தார். இன்னும் நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். வேலை நடந்த நாளெல்லாம் இந்தப் பெண் போட்ட காப்பியைக் குடித்தவள் அவள். பெண்பிள்ளைக்கு என்ன தெரியும் என்று தன்னைத் தாண்டி ஜார்ஜிடம் பேசிய வியாபாரிகளை வாழ்நாளெல்லாம் திட்டியவள். அப்படிப்பட்டவளே, துடைப்பம் பிடிக்கிறவளை விட்டுவிட்டு, துடைப்பம் எந்த மூலையில் இருக்கிறதென்றுகூடத் தெரியாத மனிதரிடம் பாடம் நடத்திவிட்டுப் போயிருக்கிறாள். அவளுக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

"தப்பு என்னோடது லட்சுமி. உங்கிட்ட சொல்லியிருக்கணும். மணல் எங்க?"

மூட்டைகள் பின்சந்தில் இருந்தன. மேல் மணல் காய்ந்திருந்தது; அடியில் ஈரம். ஈர மணல் புல்லுக்குள் இறங்காது. லட்சுமிதான் வழி சொன்னாள். "பெரிய குவாலிச் சட்டி இருக்கு. கச்சாங் கடலை வறுக்கிற மாதிரி வறுத்துருவோமா?"

கபீர் விரிப்பை இழுத்துச் சமன்செய்து மூலைக்குப் பசை தடவினார். பிரிஜட் தூவத் தூவ, லட்சுமி வெளியே கூட்டிப் பழகிய கையால் உள்ளே தள்ளினாள். முதலில் கை ஒத்துழைக்கவில்லை; பிறகு பிடிபட்டுவிட்டது. சுப்பிரமணியம் அடுப்படியில் வேர்க்க விறுவிறுக்க மணல் வறுத்தார். அவர் கரண்டி பிடித்ததே அன்றுதான் என்று லீலா ஊரெல்லாம் சொன்னாள்.

சாயங்காலம் கமிட்டிக்காரர்கள் வந்தபோது புல் நிமிர்ந்து நின்றது. தலைவர் அண்ணாதுரை பந்தை உருட்டிப் பார்த்துவிட்டு, "இதப் பராமரிக்கிறது கஷ்டமா?" என்று கேட்டார். சுப்பிரமணியம் தொண்டையைக் கனைத்தார்.

"லட்சுமிகிட்ட கேளுங்க," என்றாள் பிரிஜட்.

லட்சுமி முன்னால் வந்து சொன்னாள். "கஷ்டமில்ல சார். மணல்தான் இதுக்கு எலும்பு. வெளிய தள்ளக்கூடாது, உள்ள தள்ளணும். நான் தெரியாம வெளிய தள்ளிட்டேன். காலையில வந்திருந்தீங்கன்னா சிரிச்சிருப்பீங்க."

அண்ணாதுரை அப்போதே சிரித்துவிட்டார். கிளப் வேலை பிரிஜட்டுக்கே கிடைத்தது.

ஒப்புக்கொண்ட வேலைக்கு அளவெடுக்கப் போன அன்று கமிட்டி அறையில் அவளுக்கு நாற்காலி போட்டு, காப்பி வைத்து, எல்லாரும் கேட்கத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். பிரிஜட் உட்காரவில்லை.

"இங்க கூட்டுறது யாரு?" என்றாள்.

கோவிந்தசாமி என்று ஒருவர் இருப்பதாக யாரோ சொன்னார்கள்.

"அவர வரச் சொல்லுங்க," என்று அந்த நாற்காலியை அவருக்காக இழுத்துப் போட்டாள். "அவரும் உட்காரட்டும். அப்புறம் பேசலாம்."