நீலம் கேட்டவருக்குச் சிவப்பு

கடையில் ஒரு பொருள் இல்லை என்று சொல்வது அப்போது எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. திருத்தணியில் அரக்கோணம் ரோட்டில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடை திறந்த புதிதில் கல்லாவில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்வதுபோல், யார் எதைக் கேட்டாலும் எடுத்து நீட்டிவிடுவேன். அந்த வீம்பில் ஒருவருடைய வேலையே போனது.

அவர் பக்கத்து வங்கியின் துப்பாக்கிக் காவலர். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். இரட்டைக்குழல் துப்பாக்கி அவருக்கே சொந்தம், லைசென்ஸும் அவர் பெயரில். காவலுக்கு ஆள் அனுப்பும் கம்பெனி அவரைச் சேர்த்துக்கொண்டதே அந்தத் துப்பாக்கிக்காகத்தான். வெறுங்கையோடு போயிருந்தால் அந்த வயதில் யார் வேலை கொடுப்பார்கள்?

துப்பாக்கி விசையைச் சுற்றியுள்ள வளையத்தின் குட்டி ஸ்க்ரூக்கள் அடிக்கடி தளர்ந்துபோகின்றன என்று ஒரு நாள் வந்தார். மரை தளராமல் பிடிக்க விடும் பசை, த்ரெட் லாக் வேண்டும், அதுவும் நீலம்தான் வேண்டும் என்றார். சரியாகத்தான் கேட்டார். நீலம் போட்டால் ஸ்க்ரூ பிடித்தும் நிற்கும், வேண்டும்போது கழற்றவும் வரும். சிவப்பு பெரிய போல்ட்டுகளுக்கானது, சூடு காட்டினால்தான் விடும். மெக்கானிக்குகளுக்கு நானே வாய் ஓயாமல் சொல்லும் விஷயம் இது.

அன்றைக்கு நீலம் தீர்ந்திருந்தது. மறுநாள் சரக்கு வந்துவிடும், ஒரு நாள் பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாம். நான் சிவப்பை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"ரெண்டும் ஒண்ணுதான்ணா. கலர்தான் வேற. இது இன்னும் நல்லா பிடிக்கும்."

ஆங், சரிமா என்று வாங்கிக்கொண்டு போனார்.

மழைக்காலத்தில் விசை சிக்கிக்கொண்டது. துரு எடுக்க வளையத்தைக் கழற்ற வேண்டும். ஸ்க்ரூ அசையவில்லை. அழுத்தித் திருகியதில் தலையின் பள்ளம்தான் மழுங்கியது. சென்னையில் துப்பாக்கி ரிப்பேர் செய்பவரிடம் கொண்டுபோனார். அங்கே சூடு காட்டிக் கழற்றியதில் துப்பாக்கியின் மரக்கட்டை கருகி விரிசல் விட்டுவிட்டது. புதுக் கட்டை போட்டுத் தர இரண்டு மாதம் கேட்டார்கள். கம்பெனி இரண்டு வாரம்கூடப் பொறுக்கவில்லை. துப்பாக்கி வைத்திருந்த வேறொருவரை வங்கி வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

வங்கிக்கு எதிரே பஞ்சர் ஒட்டும் பாய்தான் எனக்கு இதைச் சொன்னார்.

"ஒரு சொட்டு உட வேண்டிய எடத்துல நாலு சொட்டு உட்டுட்டாராம். எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லிகினு இருக்காரு. வயசாயிடிச்சி, கை நடுங்குதுன்றாரு."

அவர் கை நடுங்கி நான் பார்த்ததே இல்லை. தப்பு என்னுடையது என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். பாவம் என்று மட்டும் சொன்னேன். எவ்வளவு மட்டமான பொம்பளை நான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கண்டிப்பாகப் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். தினமும் ஏதாவது ஒரு சாக்குக் கிடைத்துவிடும். நாலு மாதம் இப்படியே ஓடியது.

இப்போது அவர் மலையடிவாரத்தில், வண்டிகள் நிறுத்துமிடத்தில் விசில் ஊதிக்கொண்டு நிற்கிறார். போன கிருத்திகைக்கு மறுநாள், கூட்டமில்லாத மதியத்தில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அன்று நீலம் கடையில் இல்லை, அதைச் சொல்ல மனம் வராமல் தெரிந்தே பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன்.

அவர் விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"தெரியும்மா. சூடு காட்டாம கழட்ட முடியாதுன்னு பாட்டில்லயே எழுதியிருந்திச்சி. போடறதுக்கு முன்னாடியே படிச்சேன்."

அப்படியென்றால் நாலு சொட்டுக் கதை என் கடைக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்று அவராகக் கட்டியது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. படித்த பிறகும் ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன்.

"தெனம் அதே வேலையா இருக்கறவங்க நீங்க. எழுதனவனவிட உங்களுக்குத்தான் நல்லா தெரியும்னு நெனச்சேன்மா."