ஸ்டீயரிங் இல்லாத முப்பத்தொரு வருடம்

பியோ தால்ஹோ முப்பத்தொரு வருடம் பூசான் நகரத்துக்கு அடியில் மெட்ரோ ரயில் ஓட்டினார். அத்தனை வருடத்தில் அவர் ரயில் எதன்மீதும் உரசியதில்லை. எந்த நிறுத்தத்திலும் கோட்டைத் தாண்டி ஒரு சாண் நின்றதில்லை. ஓய்வு பெற்ற அன்று உடன் வேலை செய்தவர்கள் பூச்செண்டு கொடுத்து, மைக்கையும் கையில் திணித்து, நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். "கதவுகள் மூடப்போகின்றன" என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கினார். பெரிய நகைச்சுவை என்று எல்லாரும் கைதட்டினார்கள். மனுஷனுக்கு நிஜமாகவே வேறு எதுவும் வாயில் வரவில்லை என்பது மனைவி கும்ஹீக்கு மட்டும்தான் தெரியும்.

சாலையில் ஓடும் வண்டிகளின் கதை வேறு. இருபத்தெட்டு வயதில் லைசென்ஸ் எடுத்த தால்ஹோ, எடுத்த கையோடு அதைப் பர்ஸுக்குள் வைத்து மூடினார். கார் வாங்கவில்லை, வீட்டுக்குக் கீழேயே மெட்ரோ நிலையம் இருக்கும்போது கார் எதற்கு? பத்து வருடம் ஒரு விபத்தும் இல்லை, ஓர் அபராதமும் இல்லை என்று பார்த்த அரசாங்கம் அந்த லைசென்ஸை ஒரு படி உயர்த்தி, வேன்கூட ஓட்டலாம் என்று புது அட்டை கொடுத்தது. காரே இல்லாதவன் எதில் போய் மோதுவான் என்று அரசாங்கம் கேட்கவில்லை. அவரும் வாயைத் திறக்கவில்லை.

அறுபத்தோரு வயதில் ஊர் மாற வேண்டி வந்தது. கும்ஹீயின் சித்தி சியோலில் மகன் வீட்டோடு போய்விட, ஹாமான் பக்கத்தில் சாங்கோல் என்ற சின்ன ஊரில் அவளுடைய வீடு பூட்டிக் கிடந்தது. பதினான்காவது மாடியில் இருந்து அலுத்துப்போன கும்ஹீ, அங்கே போய் மிளகாயும் முள்ளங்கியும் போடலாம் என்றாள். பிப்ரவரி மாதம் குடிபோனார்கள். முதல் நாள் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, கடையிலிருந்து வரவழைத்த கறுப்பு சாஸ் நூடுல்ஸைச் சாப்பிட்டார்கள். மறுநாள் சிவப்புப் பயறு போட்டு அவித்த அரிசிக் கேக்கைத் தட்டுத் தட்டாக வெட்டி இருபத்திரண்டு வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள் கும்ஹீ. பதிலுக்கு ஊரே, குடிபுகும் வீட்டுக்கு அங்கே வழக்கமான சீராகிய டாய்லெட் பேப்பர் கட்டோடு வீடு பார்க்க வந்தது. இரண்டே பேர் இருக்கும் வீட்டில் நூற்றுக்கும் மேல் சுருள் சேர்ந்து, கடைசியில் ஒரு முழு அறையை அதற்கே விட வேண்டியதாயிற்று.

பூசானில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று ஊர்த்தலைவர் சியோக் விசாரித்தார். "டிரைவர்" என்றார் தால்ஹோ. எத்தனை வருடம்? முப்பத்தொன்று. விபத்து ஏதாவது? ஒன்றுகூட இல்லை. மூன்றும் சத்தியமான பதில்கள். எந்த வண்டி என்று சியோக் கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பார். சியோக் கேட்கவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு ஊர் ஒலிபெருக்கி கரகரத்தது.

"புதுசா குடிவந்திருக்கிற நம்ம பியோ அண்ணன் பூசான்ல முப்பத்தொரு வருஷம் வண்டி ஓட்டினவர். மேல ஒரு கீறல் இல்லாத மனுஷன். எல்லாரும் பார்த்துப் பழகிக்குங்க. அப்புறம், உர மூட்டைக்குப் பேர் கொடுக்காதவங்க இன்னிக்குள்ள கொடுத்துடுங்க."

கும்ஹீ பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கணவரைப் பார்த்தாள். ஓடிப்போய் ரயில் டிரைவர் என்று சொல்லிவிட்டு வரச் சொன்னாள். கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்றார் அவர்.

பேருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றுதான் வரும் என்பதால் பழைய சின்னக் கார் ஒன்று வாங்கினார்கள். கருவாட்டில் வெள்ளை நூலைச் சுற்றி டிக்கியில் வைத்து, நாலு சக்கரத்துக்கும் அரிசியில் வடித்த கள் ஊற்றி, வண்டியைப் பார்த்து இரண்டு பேரும் கும்பிட்டார்கள். தால்ஹோ நேராகப் போவதில் கெட்டிக்காரர்தான். பிரேக் அவருக்குக் கைவந்த கலை. தம்ளர் நிறையத் தண்ணீர் வைத்தாலும் தளும்பாது. திரும்புவதுதான் பிடிபடவில்லை. முப்பத்தொரு வருடம் அவருக்காகத் தண்டவாளம் திரும்பிக்கொண்டிருந்தது. இங்கே வளைவு வந்தால் கண் வளைவைப் பார்க்கும், கை மடியிலேயே இருக்கும். முதல் வாரத்திலேயே வீட்டுக் கற்சுவரில் மூன்று கல் பெயர்ந்தது. அந்தச் சுவர் ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்தது என்று பக்கத்து வீட்டுக்குச் சொன்னார்.

இரண்டாவது வாரம், வயல்பாதையில் பட்டப்பகலில் காரின் முன்சக்கரம் வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது. டிராக்டரோடு வந்து இழுத்துவிட்டவள் தர்ப்பூசணி போடும் பாங் மல்சூன். அறுபத்தெட்டு வயது, கணவன் போனபிறகு குளிரிலும் கொடி காய்க்கப் போட்ட பன்னிரண்டு பிளாஸ்டிக் கூடாரத்தையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்பவள். எப்படி ஆயிற்று என்று கேட்டாள். மான் குறுக்கே ஓடியது என்றார் தால்ஹோ. அவள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனாள். எட்டு நாள் கழித்து அதே வாய்க்காலில் அதே சக்கரம் இறங்கியது.

மல்சூன் டிராக்டரை விட்டு இறங்காமலே கேட்டாள். "ஏன் தம்பி, இன்னிக்கும் அதே மானா? இல்ல அதோட தங்கச்சியா?"

"டவுன் வண்டிக்கும் கிராமத்து ரோட்டுக்கும் ஒத்துக்கல அக்கா" என்றார் தால்ஹோ, காரைப் பழிக்கும் குரலில்.

"ஒத்துக்காதுதான். வாய்க்காலுக்கு ரொம்ப ஒத்துக்குது போல."

மார்ச் கடைசியில் சியோக் வீடு தேடி வந்தார். ஊர்ப் பெரியவர்கள் வருடத்துக்கு ஒருமுறை பூகோக் வெந்நீர் ஊற்றுக்குக் குளிக்கப் போவது வழக்கம். ஊர் வேனை வழக்கமாக ஓட்டுபவர் ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அண்ணன் இருக்கும்போது எனக்கென்ன கவலை என்று சொல்லி, வேன் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, கும்ஹீ கொடுத்த பார்லித் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் கும்ஹீ சொன்னாள். "ஏங்க, இப்பவாவது போய்ச் சொல்லிடுங்க. வேன்ல ஏறுறது பதினோரு உசுரு."

"தினமும் ஆயிரம் உசுரு ஏத்திட்டுப் போனவன் நான்."

"அப்ப தண்டவாளம் உங்களுக்குப் பதிலா திரும்பிச்சு."

அவள் தன்னையும் வேனில் ஏற்றிக்கொள்ளச் சொன்னாள். அந்த வயதில் விதவையாக இருக்கத் தனக்கு இஷ்டமில்லை, போனால் சேர்ந்தே போகலாம் என்று காரணமும் சொன்னாள்.

சொன்னால் நம்பமாட்டார்கள், போகிற வழி முழுக்க ஒரு குறையும் இல்லை. தால்ஹோ வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சிக்னலுக்கும் விரலை நீட்டி, "பச்சை, சரி" என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் கடந்தார். ரயிலில் அது சட்டம். வேனில் இருந்தவர்கள் இப்படி ஓர் ஒழுங்கைப் பார்த்ததில்லை. மணிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் ஏறவில்லை. பின்னால் ஹாரன் அடித்தவர்களை எல்லாம் சியோக் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் திட்டினார். வளைவுகளில் கும்ஹீ பின்னாலிருந்து "இடது", "வலது" என்று இருமினாள். ஊற்றின் வாசலில் படிக்கட்டுக்கு நேராகக் கதவு வரும்படி, ஓர் அங்குலம் பிசகாமல் வண்டி நின்றது. முன்சீட்டில் இருந்த மல்சூன் தரையையும் கதவையும் பார்த்தாள். "மான் விஷயத்துல உன்னத் தப்பா நினைச்சுட்டேன் தம்பி" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

திரும்பும்போது எல்லாரும் ஊறித் தேய்த்துக் குளித்து, இளஞ்சிவப்பு முகத்தோடு தூங்கி வழிந்தார்கள். தால்ஹோவின் மனசில் அப்படி ஒரு குளிர்ச்சி. ஊருக்கு வந்து இரண்டு மாதத்தில் அன்றுதான் இது நம் ஊர் என்று நினைத்தார். தூக்கத்தில் இருமலை மறந்திருந்தாள் கும்ஹீ. சாங்கோலுக்கு இன்னும் அரைக் கிலோமீட்டர். இரண்டு பக்கமும் தர்ப்பூசணிக் கூடாரங்கள் உள்ள ஒற்றைப் பாதையில், எதிரே வைக்கோல் உருண்டைகளை ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் வந்து நின்றது. அத்தனை பாரத்தோடு டிராக்டரால் பின்னால் போக முடியாது. வேன்தான் போக வேண்டும்.

தால்ஹோ வேனை நிறுத்தி, கையுறையைச் சரிசெய்துகொண்டு, கதவைத் திறந்து இறங்கினார். நிதானமாக நடந்து வேனின் பின்பக்கம் போனார். ரயில் கடைசி நிறுத்தத்துக்கு வந்தால் டிரைவர் இறங்கி மறுகோடியில் உள்ள அறைக்கு நடந்து போவார். அங்கிருந்து ரயில் திரும்ப ஓடும். முப்பத்தொரு வருடமாக அவருக்குத் தெரிந்த பின்னோக்கிப் போகும் வழி அது ஒன்றுதான். மூளை அசந்த நேரத்தில் கால்கள் பாட்டுக்கு நடந்துவிட்டன. வேனின் பின்கண்ணாடிக்கு முன்னால் நின்றபோதுதான் அங்கே வேறு அறை இல்லை என்பது உறைத்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு முகங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

வேறு வழியில்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்து, ரிவர்ஸ் கியரைப் போட்டார். ஸ்டீயரிங்கை வலது பக்கம் திருப்பினார். வேன் எதிர்பார்த்த பக்கம் போகவில்லை. இடது பக்கம் திருப்பினார், அதுவும் சரிப்படவில்லை. அவசரப்படாமல், மிக மெதுவாக, வேன் பின்பக்கமாகவே ஒரு பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் நுழைந்தது. பிளாஸ்டிக் கிழிந்து சரிந்து ஜன்னல்களை மூடியது. அடியில் ஏதோ பொத்துப் பொத்தென்று உடைந்தது. வண்டி நின்றதும் மல்சூன் ஜன்னலை மூடிய பிளாஸ்டிக்கை விலக்கிப் பார்த்தாள்.

"ஏழாம் நம்பர்" என்றாள். "இது என்னோட ஏழாம் நம்பர் கூடாரம்."

யாருக்கும் அடிபடவில்லை. கும்ஹீ ஒவ்வொருவரையும் தொட்டுத் தொட்டு எண்ணினாள். தால்ஹோ இறங்கி, தர்ப்பூசணிச் சிவப்புக்கு நடுவே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்று, இடுப்பு வரை குனிந்தார். தான் ஓட்டியது மெட்ரோ ரயில் என்றும், அதில் ஸ்டீயரிங் கிடையாது என்றும், இரண்டு மாதமாக இதைச் சொல்லத் துணிச்சல் வரவில்லை என்றும் சொல்லிமுடித்தார்.

கடைசி சீட்டில் இருந்த எண்பத்து மூன்று வயதுக்காரி ஒருத்தி கேட்டாள். "ஸ்டீயரிங் இல்லன்னா வளைவுல எப்படிப்பா திரும்பும்?"

"தண்டவாளம் திரும்பும்மா. நான் சும்மா உட்கார்ந்திருப்பேன்."

"அதுக்குச் சம்பளம் கொடுத்தாங்களா?"

முதலில் சிரித்தது மல்சூன்தான். சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. வெளியே காற்று வெட்டியது. கூடாரத்துக்குள் வெந்நீர் ஊற்று மாதிரி கதகதப்பு. டிராக்டர்காரனையும் உள்ளே கூப்பிட்டு, உடைந்த பதினேழு தர்ப்பூசணியையும் எல்லாருமாகக் கையாலேயே பிய்த்துத் தின்றார்கள். குளித்துவிட்டு வந்தவர்கள் முழங்கை வரை சாறும் மண்ணுமாக வீடு போனார்கள். மறுநாள் ஒலிபெருக்கியில் சியோக் ஒரு சின்னத் திருத்தம் சொன்னார். முந்தைய அறிவிப்பில் வண்டி வகை விடுபட்டுவிட்டது என்றார்.

அதற்குப் பிறகு பத்து நாள் தால்ஹோ மல்சூனின் ஏழாம் கூடாரத்தில் வளைந்த கம்பிகளை நிமிர்த்தி, புதுப் பிளாஸ்டிக் இழுத்துக் கட்டினார். வேலை முடிந்தபிறகும் அவள் போகச் சொல்லவில்லை, அவரும் வருவதை நிறுத்தவில்லை. தர்ப்பூசணியைத் தட்டிப் பார்த்துப் பழுத்ததைக் கண்டுபிடிக்க அவர் காது சீக்கிரமே பழகிவிட்டது. கார்ச் சாவி மட்டும் ஆணியில் தொங்கியது.

மே மாதம் அந்தச் சாவியைக் கும்ஹீ எடுத்தாள். பூசானின் மேட்டுத் தெருக்களில் எட்டு வருடம் அவள் வீடு வீடாகத் தயிர்பானம் விநியோகித்தவள். நின்றுகொண்டே ஓட்டும் குளிர்பெட்டி வண்டியை, ஓர் ஆள் நுழையும் சந்துக்குள் விட்டுப் பின்னாலேயே வெளியே எடுப்பவள். அதை ஒரு திறமை என்று அவளும் சொன்னதில்லை. வீட்டில் டிரைவர் என்றால் அது அவர் மட்டும்தான். ஐம்பத்தெட்டு வயதில் டவுனில் உள்ள பயிற்சிப் பள்ளிக்குப் போய், இரண்டாவது முயற்சியில் லைசென்ஸ் வாங்கினாள். கண்ணாடியில் "கற்றுக்குட்டி" என்று எழுதி ஒட்டிக்கொண்டு முதல் நாளே வாய்க்கால் ஓரத்தில் காரை அலட்டிக்கொள்ளாமல் திருப்பினாள். பக்கத்தில் தால்ஹோ விரலை நீட்டி "பச்சை, சரி" என்பார். "கையை உள்ள வைங்க, கண்ணாடி தெரியல" என்பாள் அவள்.

அவருக்கு அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. கோடை முழுக்க அவள் ஒரு கீறலும் விடவில்லை. சந்தைக்கும் மருத்துவமனைக்கும் போகிற கிழவிகள் இப்போது கும்ஹீயைத்தான் கூப்பிட்டார்கள். "உங்க வீட்டு டிரைவர் இருக்காங்களா?" என்று அவரிடமே வந்து கேட்டார்கள்.

அக்டோபரில் ஒரு காலை, சந்தைக்குக் கிளம்பிய கும்ஹீ, தெருமுனையில் நின்ற சியோக்கின் சரக்கு வண்டியின் பக்கக் கண்ணாடியைச் சுத்தமாகப் பெயர்த்துக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். எப்படி ஆயிற்று என்று கேட்டார் தால்ஹோ. குரலில் கவலை வரவழைக்க அவர் நிஜமாகவே பாடுபட்டார்.

"நான் சரியா பார்க்கல. என் தப்புதான்" என்றாள் அவள். காலணியைக் கழற்றுகிற நேரம்கூட ஆகவில்லை அதைச் சொல்ல.

தால்ஹோ அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம் எடுத்துக்கொண்டு தானும் மன்னிப்புக் கேட்க வருவதாகச் சொன்னார். தேவையில்லை என்றாள். இல்லை, வருவேன் என்றார். தெருவில் எதிர்ப்பட்ட எல்லாருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டு, உடைந்த கண்ணாடியை அவரே தூக்கிக்கொண்டு நடந்தார். ஊருக்கு வந்த நாளிலிருந்து அவர் இத்தனை உற்சாகமாக நடந்ததை யாரும் பார்த்ததில்லை. சியோக் கண்ணாடியை வாங்கிப் பார்த்துவிட்டு, போனால் போகிறது, உள்ளே வாருங்கள் அண்ணே என்றார். அவர் வீட்டில் கிம்ச்சி ஊறுகாய்க்கு முள்ளங்கி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். மாலைவரை இருந்து நறுக்கிக் கொடுத்துவிட்டு, ஒரு வாளி முள்ளங்கியோடு இருவரும் வீடு திரும்பினார்கள். அன்று இரவுச் சாப்பாட்டில் தால்ஹோ இரண்டு கிண்ணம் சோறு கூடுதலாகப் போட்டுக்கொண்டார்.