டயருக்கு வைத்த கட்டை

அப்பாவின் நெஞ்சுவலி அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ரகசியமாக ஐந்து நாட்கள் இருந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்த ஐந்து நாட்கள் பயந்ததைப் போல் அதற்குப் பிறகு நான் எதற்கும் பயந்ததில்லை, பிரசவத்துக்குக்கூட.

அப்பா சொந்தமாக ஒரு மினி லாரி ஓட்டினார். மேட்டுப்பாளையம் மண்டியில் காய்கறி ஏற்றிக்கொண்டு போய் வால்பாறைக் கடைகளில் இறக்குவார். எங்கள் வீடு துடியலூரில், போகிற வழியிலேயே இருந்தது. முழுப்பரீட்சை லீவில் அழுது அடம்பிடித்து, ஒருநாள் நானும் வண்டியில் தொற்றிக்கொண்டேன். ஆழியாறு தாண்டியதும் மலை ஏறத் தொடங்கியது. நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகையில் எண் எழுதியிருப்பார்கள். நான் அதை உரக்கப் படித்துக்கொண்டே வந்தேன்.

இருபத்து மூன்று என்று சொல்லி வாய் மூடவில்லை, அப்பா வண்டியை ஓரம்கட்டி நிறுத்தினார். குளிர் காற்று அடிக்கிறது, அவருக்கோ சட்டை முழுக்க வியர்வை. ஒரு கையால் இடது தோளை அழுத்திப் பிடித்திருந்தார். கால் மட்டும் பிரேக்கை விடவில்லை.

"அம்மணி, எறங்கி அந்தக் கட்டையை எடுத்துப் பின்னாடி டயருக்கு வெச்சுப்போடு" என்றார்.

மேட்டில் நிறுத்தினால் வண்டி பின்னால் உருளாமலிருக்கச் சக்கரத்துக்கு அண்டக் கொடுக்கும் மரக்கட்டை அது. இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். வைத்துவிட்டேன் என்று கத்திய பிறகுதான் அவர் காலை எடுத்து, ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்தார். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாரோ தெரியாது. நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏறி இறங்கியதும் நானும் ஒருமுறை மூச்சு விட்டேன்.

நிமிர்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. "ஒண்ணுமில்ல கண்ணு, வாயு. வெறும் வயித்துல டீ குடிச்சுப்போட்டேன். அம்மாகிட்டச் சொல்லிப்போடாதே."

வால்பாறையில் லோடு இறக்கும்போது எனக்கு போண்டா வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, "ஒருத்தருக்குப் போன் போட்டுட்டு வாரேன்" என்று வெளியே போனார். கடை வாசலில் தொங்கிய ஒரு ரூபாய் போனில் காசு போட்டுக்கொண்டே பேசினார். நடுநடுவே என்னைப் பார்த்துச் சிரித்தார். மலை இறங்கக் கிளம்பும்போது கட்டையை எப்போதும்போல் பின்னால் போடாமல் என் காலடியில் வைத்தார். வளைவுகளைத் தலைகீழாக எண்ணிக்கொண்டே வரவேண்டும், தூங்கக் கூடாது என்றார். எனக்குக் கிளீனர் உத்தியோகம் கிடைத்துவிட்டதாகப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை வீடு வரைதான். மறுநாள் பல் துலக்கும்போது அவர் கை மறுபடி இடது தோளுக்குப் போனதைப் பார்த்தேன். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று, "அப்பா" என்று கூப்பிடுவேன். "என்ன கண்ணு?" என்பார். சும்மா என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி கூப்பிடுவேன். மத்தியானம் அவர் கண்ணயர்ந்தால் பக்கத்தில் உட்கார்ந்து வயிறு அசைகிறதா என்று பார்ப்பேன். அடுத்த நடை கிளம்பிய அன்று வண்டிச் சாவியை எடுத்து அரிசி டப்பாவுக்குள் புதைத்தேன். சாவி கிடைத்தது, எனக்கு அம்மாவிடம் முதுகில் இரண்டு கிடைத்தது. அப்பா மலைக்குப் போய்விட்டார். அன்று முழுக்க, மேட்டுப்பாளையம் ரோட்டில் எந்த வண்டி ஹாரன் அடித்தாலும் வாசலுக்கு ஓடினேன்.

ஐந்தாம் நாள் மாமா வந்தார். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், இன்சூரன்ஸ் ஏஜென்ட். அவர் மொபெட் சத்தம் கேட்டாலே எங்கள் சொந்தத்தில் பாதிப்பேருக்கு வேலை வந்துவிடும். அப்பா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவார். "நான் செத்தாத்தான் காசு வருமுன்னா அது எனக்கெதுக்குங்க?" என்பது அவருடைய நிரந்தர நகைச்சுவை. வீட்டுக்குள் சாவுப் பேச்சு எடுத்ததற்காக அம்மா மாமாவைத்தான் முறைப்பாள். அந்த மாமாவை அன்று அப்பா வாசல் வரை போய் அழைத்து வந்தார். "காங்கேயத்துல கல்யாணமுங்க மாப்ளே, அதுதான் நாலு நாள் ஆகிப்போச்சு" என்றபடி மாமா பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தார். அப்பா பதில் சொல்லச் சொல்ல எழுதினார்.

"நெஞ்சு வலி, மூச்சு வாங்கறது, இந்த மாதிரி ஏதாச்சும் இருந்துச்சுங்களா?"

"ஒண்ணுமில்லீங்க மச்சான். கல்லாட்ட இருக்கறேன்."

அம்மாவிடம் சொல்லக் கூடாது என்றுதானே சொன்னார், மாமாவிடம் என்று சொல்லவில்லையே என்று என் புத்தி கணக்குப் போட்டது. அம்மா காபியோடு பின்னால் நின்றதைக் கவனிக்காமல் சொல்லிவிட்டேன்.

"வளைவுல அப்பாவுக்கு வலிச்சுதுங்க மாமா. வேர்த்து ஊத்துச்சு. நான்தான் கட்டை வெச்சேன்."

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். "ஏனுங்க, புள்ள என்ன சொல்றா?"

"வாயுங்க அது. நீங்க எழுதுங்க மச்சான்" என்றார் அப்பா. குரலில் கெஞ்சல் இருந்தது. அவர் யாரிடமும் கெஞ்சி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

மாமா பேனாவை மூடினார். "மறைச்சு எழுதினா எனக்கு கமிஷன் வந்துருமுங்க. ஆனா ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, இதைத் தோண்டி எடுத்து ஒத்தைப் பைசா தரமாட்டாங்க. அப்ப எந்தங்கச்சி மூஞ்சியில நான் எப்படி முழிக்கறதுங்க? எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

சட்டையை மாட்டிக்கொண்டே அப்பா என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நான் சொன்னதால்தான் அந்த வலி நிஜமாகிவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

அன்றே உள்ளே படுக்கவைத்துவிட்டார்கள். இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு. இன்னொரு நடை மலை ஏறியிருந்தால் இறங்கியிருக்க மாட்டார் என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னபோது, அப்பாவின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில்தான் இருந்தேன். அப்பா பிழைத்தார். அதற்கு மினி லாரி போனது, அம்மாவின் செயின் போனது. அம்மா ஒரு பம்ப்செட் கம்பெனிக்கு, மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் வேலைக்குப் போனாள். அப்பா ஒரு டயர் கடையில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியும் அவருக்குப் பாலிசி தரவில்லை. என் வாய்தான் அதைக் கெடுத்தது என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம், என் மகளுக்கு ஒரு வயது ஆனதும், பாலிசி போட நானே மாமாவைக் கூப்பிட்டேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அதே நிதானத்தோடு கேட்டார். தகப்பனாருக்கு இருதயக் கோளாறு உண்டா என்ற இடத்தில் அவர் கேட்டு முடிக்கும் முன்பே ஆமாம் என்றேன். மாமா சிரித்தார்.

"அன்னிக்கு நீ சொன்னது நல்லதாப் போச்சு அம்மணி. வால்பாறையிலிருந்து உங்கப்பன் போன் பண்ணுனப்போ வலியைப் பத்தி மூச்சே விடலை பாரு."

"வால்பாறையிலிருந்தா?"

"ஆமா. அத்தனை வருசம் ஒளிஞ்ச மனுசன் தானே கூப்புடறாரேன்னு எனக்கு ஆச்சரியம். 'நான் மலை எறங்கறதுக்குள்ள பாலிசி போட்டுற முடியுங்களா மச்சான்?'ன்னு கேட்டாரு. வெளையாட்டுக்குக் கேக்கறாருன்னு நெனச்சுப்போட்டேன்."

காலடியில் கட்டையையும் வாயில் எண்ணிக்கையையும் கொடுத்து, அப்பா என்னை அந்த மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்திருக்கிறார். அன்று கடைசிப் பலகையைப் பார்த்து "ஒண்ணு" என்று நான் கத்தியதும் வண்டியை ஓரம்கட்டினார். என்னை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. ஒரு வளைவுகூடத் தவறாமல் எண்ணியதற்காக என்று அன்று நினைத்துக்கொண்டேன்.